ஒஸ்லோ உடன்படிக்கைகள்

இஸ்ரேலுக்கும் பாலஸ்தீன விடுதலை இயக்கத்துக்கும் இடையே 1993, 1995 ஆண்டுகளில் ஏற்பட்ட இரண்டு ஒப்பந்தங்கள். பேச்சு நடந்த நார்வே நாட்டின் தலைநகர் பெயரால் வழங்கினாலும், இரண்டும் கையெழுத்தானது வாஷிங்டனில்தான்.

பின்னணி

1987 டிசம்பரில் காசாவில் தொடங்கி மேற்குக் கரைக்கும் பரவிய பாலஸ்தீனர்களின் இன்டிஃபாதா எழுச்சி, 1967 போரில் கைப்பற்றிய பகுதிகளைப் படைபலத்தால் மட்டும் ஆள்வது கடினம் என்று இஸ்ரேலுக்கு உணர்த்தியது. ஈராக் குவைத்தை ஆக்கிரமித்த நெருக்கடியில் ஈராக் அதிபர் சதாம் உசேன் பக்கம் சாய்ந்த விடுதலை இயக்கத் தலைவர் யாசர் அராஃபத், வளைகுடா நாடுகளின் நிதியுதவியை இழந்திருந்தார். 1991 அக்டோபரில் கூடிய மாட்ரிட் அமைதி மாநாட்டில் பாலஸ்தீனர்கள் ஜோர்டானுடன் கூட்டுக் குழுவாகவே அமர்ந்தனர். விடுதலை இயக்கத்துக்கு இடம் தரப்படவில்லை. அதையொட்டி வாஷிங்டனில் நடந்த பேச்சும் நகரவில்லை.

ரகசியப் பேச்சு

விடுதலை இயக்கத்தினருடன் தொடர்புகொள்வதைக் குற்றமாக்கிய சட்டத்தை இஸ்ரேல் நாடாளுமன்றம் 1993 ஜனவரியில் நீக்கியது. அதே மாதம் நார்வேயின் சார்ப்ஸ்போர்க்கில், இஸ்ரேலியக் கல்வியாளர்கள் யாயிர் ஹிர்ஷ்ஃபெல்ட், ரோன் புண்டாக் இருவரும் அகமது குரேயி தலைமையிலான விடுதலை இயக்கக் குழுவைச் சந்தித்தனர். ஏற்பாடு செய்தவர் நார்வே ஆய்வாளர் டெர்யே ரோட் லார்சன். இஸ்ரேல் தரப்பில் வந்தவர்கள் அதிகாரிகள் அல்லர் என்பதால், செய்தி கசிந்தாலும் தனக்குத் தொடர்பில்லை என்று சொல்ல இஸ்ரேலுக்கு வழி இருந்தது. மே மாதத்தில் இஸ்ரேல் அயலுறவு அமைச்சக அதிகாரி ஊரி சவீர் சேர்ந்ததும் அது அதிகாரபூர்வப் பேச்சாக மாறியது.

உள்ளடக்கம்

1993 செப்டம்பர் 9 தேதியிட்ட கடிதங்களில், இஸ்ரேல் நிலைத்திருக்கும் உரிமையை அராஃபத் ஏற்றார். இஸ்ரேல் பிரதமர் இட்சாக் ராபின், விடுதலை இயக்கத்தைப் பாலஸ்தீன மக்களின் பிரதிநிதியாக ஏற்றார்; தனி நாடு பற்றி அவர் எதுவும் எழுதவில்லை. செப்டம்பர் 13 அன்று அமெரிக்க அதிபர் கிளின்டன் முன்னிலையில் முதல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அது வகுத்தது ஐந்தாண்டு இடைக்காலத் தன்னாட்சி. ஜெருசலேம், அகதிகள், குடியேற்றங்கள், எல்லை ஆகியவை இறுதிப் பேச்சுக்கு ஒதுக்கப்பட்டன. 1995 செப்டம்பர் 28 அன்று கையெழுத்தான இரண்டாம் ஒப்பந்தம் மேற்குக் கரையை ஏ, பி, சி என மூன்று வகைப் பகுதிகளாகப் பிரித்தது. ஏ பகுதியில் நிர்வாகமும் பாதுகாப்பும் பாலஸ்தீனரிடம், சி பகுதியில் இரண்டும் இஸ்ரேலிடம்; பி பகுதியில் நிர்வாகம் மட்டும் பாலஸ்தீனருக்கு.

முறிவு

தள்ளிவைத்த கேள்விகள் தீரும்வரை களம் காத்திருக்கவில்லை. 1994 பிப்ரவரியில் ஹெப்ரான் பள்ளிவாசலில் யூதக் குடியேறி ஒருவர் 29 பேரைச் சுட்டுக் கொன்றார். பாலஸ்தீன இஸ்லாமிய இயக்கமான ஹமாஸ் இஸ்ரேலிய நகரங்களில் தற்கொலைத் தாக்குதல்களை நடத்தியது. 1995 நவம்பர் 4 அன்று ராபினை ஒரு யூதத் தீவிரவாதி சுட்டுக்கொன்றார். கிழக்கு ஜெருசலேம் நீங்கலாக, மேற்குக் கரையில் 1993இல் ஏறத்தாழ 1,10,000 ஆக இருந்த இஸ்ரேலியக் குடியேறிகள் 2000இல் 2 லட்சத்தை நெருங்கினர். அந்த ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் கேம்ப் டேவிட்டில் இஸ்ரேல் பிரதமர் பராக்கும் அராஃபத்தும், முன்பு ஒதுக்கிவைக்கப்பட்ட அதே கேள்விகளில் முட்டி நின்றனர். செப்டம்பரில் இரண்டாம் இன்டிஃபாதா வெடித்தது.

இடைக்காலம் 1999 மே மாதத்தோடு முடிந்திருக்க வேண்டும். அதற்கென வகுத்த மூன்று பகுதிப் பிரிவினையே பல பத்தாண்டுகள் கடந்தும் மேற்குக் கரையின் நிர்வாக வரைபடமாக நீடித்துவருகிறது. அதில் சுமார் 60 விழுக்காடு சி பகுதி.