நாணய அச்சுப்பிழை
நாணய அச்சுப்பிழை என்பது, பின்னாளைய தேய்மானத்தாலோ சேதத்தாலோ அன்றி, காசு அடிக்கப்படும்போதே அக்கசாலையில், அதாவது நாணயச்சாலையில், நேர்ந்துவிடும் குறையாகும். தென்பாண்டி நாட்டுக் கொற்கைக்கு அருகிலுள்ள அக்கசாலை என்னும் ஊரின் பெயர் காசடிக்கும் தொழிலின் பழமையை நினைவூட்டுகிறது. கையால் அடிக்கப்பட்ட பாண்டியர், நாயக்கர் செப்புக்காசுகளில் உருவம் ஓரம் சாய்ந்திருப்பது இயல்பாதலால் அது பெரும்பிழையாகக் கொள்ளப்படுவதில்லை. ஆனால், அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்த தகட்டில் அதன் முகம் ஒருபுறம் மேடாகவும் மறுபுறம் இடவலம் மாறிப் பள்ளமாகவும் பதிவதும், தகடு நகர்ந்து உருவம் இரட்டிப்பதும் தெளிவான பிழைகளாகும். இயந்திரத்தில் அடித்த காசுகளில் அச்சின் விரிசல் மேடான கோடாகவும், பின்னாளில் விழுந்த கீறல் பள்ளமாகவும் தெரியும் என்பதால், உருப்பெருக்கியால் நோக்கி, எடையையும் விட்டத்தையும் நல்ல காசுடன் ஒப்பிட்ட பின்னரே பிழைக்காசு என்று முடிவு செய்தல் வேண்டும்.