ஆட்டோவுக்கு 90 ரூபாயா, 162 ரூபாயா? கணக்கில் எதை முதலில் செய்ய வேண்டும்?

பெங்களூருவின் மர்பி டவுனில் ஆட்டோ ஏறி 5 கிலோமீட்டர் போகிறீர்கள். மீட்டர்படி எவ்வளவு ஆகும்?

2025 ஆகஸ்ட் 1 முதல் நகரில் நடைமுறையில் உள்ள கட்டணப்படி முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 18 ரூபாய். காத்திருப்புக் கட்டணம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டால் கணக்கு இதுதான்: 36 + 18 × 3.

இதை இடமிருந்து வலமாக அப்படியே போட்டால் 36 + 18 = 54, அதை மூன்றால் பெருக்கினால் 162. பெருக்கலை முதலில் செய்தால் 18 × 3 = 54, அதோடு 36 சேர்த்தால் 90. எண்களும் குறிகளும் ஒன்றுதான், ஆனால் விடையில் 72 ரூபாய் வித்தியாசம்.

சரியான விடை 90.

ஏன் பெருக்கல் முதலில்?

பள்ளியில் இதற்கு 'பாட்மாஸ்' என்று ஒரு சொல் கற்றுக்கொடுத்திருப்பார்கள். அடைப்புக்குறி, அடுக்கு, வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல் ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகள் அவை. இரண்டாவது எழுத்தை 'இன்' (பாதியின், காலின் என்பதுபோல) என்றும் நம் ஊரில் சொல்லித்தருவது உண்டு. அமெரிக்கப் பிள்ளைகள் இதையே 'பெம்டாஸ்' என்று படிக்கிறார்கள்.

எழுத்துகளை மனப்பாடம் செய்வது எளிது. காரணம் தெரிந்தால் மறக்கவே மறக்காது. 18 × 3 என்பது 18 + 18 + 18 என்பதன் சுருக்கம். அதாவது மூன்று கிலோமீட்டருக்கான பணத்தை ஒரு பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கிறோம். அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, அதற்குள் இருக்கும் ஒரு 18-ஐ மட்டும் உருவி 36-உடன் சேர்க்க முடியாதில்லையா? அவ்வளவுதான் விதி.

என்சிஇஆர்டி 2025-ல் வெளியிட்ட ஏழாம் வகுப்பு 'கணித பிரகாஷ்' பாடநூலும் ஏறக்குறைய இந்த வழியில்தான் போகிறது. ஒரு கணக்கைப் பார்த்ததும் அதை உறுப்புகளாகப் பிரிக்கச் சொல்கிறது. நம் கணக்கில் 36 ஓர் உறுப்பு, 18 × 3 இன்னொரு உறுப்பு. ஒவ்வொன்றின் மதிப்பையும் கண்டுபிடித்து, பிறகு கூட்ட வேண்டும்.

பாட்மாஸ் எங்கே ஏமாற்றும்?

அந்தச் சொல்லில் கூட்டல் முன்னால் வருகிறது, கழித்தல் பின்னால் வருகிறது. அதனால் கூட்டலைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

கையில் 200 ரூபாய் இருந்தது. ஆட்டோவுக்கு 90 கொடுத்தாச்சு. நண்பர் பழைய பாக்கி 50-ஐத் திருப்பித் தந்தார். 200 − 90 + 50 = 160. கூட்டலை முதலில் செய்தால் 200 − 140 = 60 என்று வரும். உங்கள் பணத்தில் 100 ரூபாய் காணாமல் போய்விடும்!

கூட்டலுக்கும் கழித்தலுக்கும் ஒரே தகுதி. வகுத்தலும் பெருக்கலும் அப்படித்தான். சம தகுதி உள்ளவை அடுத்தடுத்து வந்தால் இடமிருந்து வலமாகச் செய்யுங்கள். 90 ரூபாயை மூன்று பேர் பிரித்துக்கொள்ள, நீங்கள் இருவருக்குச் சேர்த்துக் கொடுக்கிறீர்கள் என்றால் 90 ÷ 3 × 2 = 60. 'பெம்டாஸில் பெருக்கல்தானே முன்னால் இருக்கு' என்று அதை முதலில் செய்தால் 15 ரூபாய்தான் வரும்.

அடைப்புக்குறி எதற்கு?

இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை ஆட்டோவுக்கு ஒன்றரை மடங்கு கட்டணம். மொத்தக் கட்டணமும் ஒன்றரை மடங்காக வேண்டும் என்பதால் (36 + 18 × 3) × 1.5 என்று எழுத வேண்டும். விடை 135. அடைப்புக்குறியை விட்டுவிட்டால் 36 அப்படியே நிற்கும், மீதி மட்டும் ஒன்றரை மடங்காகும். விடை 117 ஆகிவிடும்.

கால்குலேட்டரை நம்பலாமா?

எந்தக் கால்குலேட்டர் என்பதைப் பொறுத்தது. கடைகளில் இருக்கும் சாதாரண கால்குலேட்டர் நீங்கள் அழுத்தும் வரிசையிலேயே கணக்குப் போடும். 36 + 18 × 3 என்று தட்டினால் 162 காட்டும். விண்டோஸ் கணினியிலுள்ள கால்குலேட்டரும் 'ஸ்டாண்டர்ட்' முறையில் 162 காட்டும், 'சயின்டிஃபிக்' முறைக்கு மாற்றினால் 90 காட்டும். கடைக் கால்குலேட்டரில் 18 × 3 + 36 என்று பெருக்கலை முதலில் தட்டினால் பிரச்னை இல்லை.

எக்செல்லில் பெருக்கல் கூட்டலுக்கு முன்னால்தான் நடக்கும். ஆனால் அங்கே இன்னொரு சிக்கல் உண்டு. −3-இன் வர்க்கம் என்று அடைப்புக்குறி இல்லாமல் உள்ளிட்டால் எக்செல் 9 என்கிறது. கணிதப் புத்தக வழக்கப்படி அது −9.

2019-ல் சமூக வலைதளங்களில் 8 ÷ 2(2 + 2) என்ற கணக்கு பெரிய சண்டையைக் கிளப்பியது. இடமிருந்து வலமாகப் போனால் 16. இரண்டும் அடைப்புக்குறியும் ஒட்டியிருப்பதால் அதை ஒரே பொட்டலமாக எடுத்தால் 1. குறியீடு இல்லாத பெருக்கலுக்கு முன்னுரிமை தரும் கால்குலேட்டர்களும் உண்டு, தராதவையும் உண்டு. இங்கே குறை விடை சொன்னவர்களிடம் இல்லை, கணக்கை எழுதிய விதத்தில் இருக்கிறது.

உங்கள் பிள்ளைக்குச் சொல்லித்தரும்போது நான்கு படிகள் போதும்: முதலில் அடைப்புக்குறிக்குள் இருப்பது, பிறகு அடுக்கு, பிறகு பெருக்கலும் வகுத்தலும், கடைசியில் கூட்டலும் கழித்தலும். நீங்களே ஒரு கணக்கை எழுதும்போது சந்தேகம் வந்தால், கூச்சப்படாமல் ஓர் அடைப்புக்குறி போட்டுவிடுங்கள். படிப்பவர் ஊகிக்க வேண்டியிருக்காது.