சொல்லும் மெட்டும்: திருவரங்கம், வையம்பட்டி வட்டாரப் பாடல்களை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

பாட்டைக் கேட்டு மகிழ்வதில் வரிகளின் பங்கு பெரிதா, இசையின் பங்கு பெரிதா என்ற வழக்கு தமிழில் பெரும்பாலும் பட்டிமன்ற மேடையிலேயே பேசப்படுகிறது. இரண்டும் தேவை என்று நடுவர் தீர்ப்பளிப்பார். கூட்டம் கைதட்டிக் கலையும். அத்தீர்ப்பு தவறன்று. ஆனால் எது எப்போது, எவ்வளவு தேவை என்பதை அது விளக்குவதில்லை.

வழக்கு தீராமல் இருப்பதற்குக் காரணம் அது பிரிக்கப்படும் முறைதான் என்பது இக்கட்டுரையின் கருத்து. வரிகள் என்று நாம் ஒரே பெயரால் சுட்டுவதில் இரண்டு கூறுகள் உள்ளன. ஒன்று பொருள், மற்றொன்று சொல்லின் ஓசை, அதாவது குறில் நெடில், எதுகை மோனை, சந்தம் ஆகியவை. மெட்டையும் சேர்த்தால் மூன்று கூறுகள். இவற்றில் சொல்லோசை மெட்டின் பக்கம் நிற்பது. இதை ஒப்புக்கொண்டால், கேட்கும் வேளையில் இன்பம் தருவதில் இசையே முந்துகிறது என்பதும், பாட்டை நினைவில் நிறுத்தி ஆழப்படுத்துவது பொருளின் வேலை என்பதும் தெளிவாகும். இதைத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் இரு முனைகளிலிருந்து கிடைக்கும் சான்றுகளால் நிறுவ முயல்கிறேன். ஒன்று காவிரி சூழ்ந்த திருவரங்கம். மற்றொன்று, திண்டுக்கல் ரயில் பாதையில் மணப்பாறையைத் தாண்டி வரும் மானாவாரி நிலமான வையம்பட்டி வட்டாரம்.

1. சொல் நிற்க, மெட்டு மாறும்போது

சொல்லின் பங்கையும் மெட்டின் பங்கையும் தனித்தனியே அளக்க ஒரு வழி உண்டு. சொல்லை அப்படியே வைத்து மெட்டை மாற்றிப் பார்க்க வேண்டும். திருவரங்கத்தில் இந்தச் சோதனை ஒவ்வொரு மார்கழியிலும் தானாகவே நிகழ்கிறது.

ஆண்டாளின் திருப்பாவை கோயிலில் கோஷ்டியாகச் சேவிக்கப்படுகிறது. பலர் ஒரே குரலில், ஏறக்குறைய ஒரே சுரநிலையில், விரைந்து ஓதுவது அம்முறை. ராகம் என்று சொல்லத்தக்கது அதில் இல்லை. அதே முப்பது பாசுரங்களுக்கும் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மெட்டமைத்தார், எம்.எல்.வசந்தகுமாரியின் குரலில் அவை வீடுதோறும் சென்றன. முதற்பாசுரம் நாட்டையிலும், மூன்றாவது ஆரபியிலும், நான்காவது வராளியிலும், முப்பதாவது சுருட்டியிலும் அமைந்தன.

நான்காம் பாசுரத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மழையை வேண்டும் பாசுரம் அது. அடிக்கு அடி ழகரம் அடுக்கி வருவது. கோஷ்டியில் ஓதும்போது அந்த ழகரங்கள் ஒன்றையொன்று துரத்தி உருள்கின்றன. வராளியில் பாடும்போது அதே ழகரங்கள் கமகத்தோடு இழைந்து நீள்கின்றன. மெட்டு முற்றிலும் வேறு; ஆனால் ழகரம் இரண்டிலும் வேலை செய்கிறது. மழை பெய்யும் முறையைப் பாசுரம் எப்படி விளக்குகிறது என்று அறியாத சிறுவனுக்கும் இது இனிக்கிறது. ஆகவே அவன் துய்ப்பது பொருளை அன்று. சொல்லோசையையும், அது மெட்டோடு கூடும் விதத்தையும்.

முதல் இருபத்தொன்பது பாசுரங்களின் ஈற்றிலும் திரும்பத் திரும்ப வரும் 'ஏலோர் எம்பாவாய்' என்னும் தொடர் இன்னும் வலுவான சான்று. அதன் முற்பகுதியைப் பொருளற்ற அசைநிலையாகவும் அடியை நிரப்ப வந்ததாகவும் கொள்வது உரைமரபு. திருப்பாவையில் எல்லோர் வாயிலும் தங்கியிருக்கும் தொடரும் அதுவே.

இதற்கு எதிர்ச்சான்று போலத் தோன்றுவது அரையர் சேவை. நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்துக்கு நாதமுனிகள் இசை வகுத்து, தம் மருமக்களான மேலையகத்தாழ்வான், கீழையகத்தாழ்வான் இருவர்க்கும் கற்பித்தார் என்பது வைணவ மரபு. அத்யயன உற்சவத்தின் பகல்பத்து, இராப்பத்து நாள்களில் குல்லாய் அணிந்த அரையர்கள் கைத்தாளத்துடன் பாசுரம் பாடி, அபிநயம் பிடித்து, தம்பிரான்படி வியாக்கியானம் சொல்கின்றனர். பதிப்புகளில் பண்ணும் தாளமும் குறிக்கப்பட்ட பாசுரங்கள் பல உள்ளன. அவற்றின் பழைய பாடுமுறை இன்று நம்மிடம் முழுமையாக இல்லை. இசை தேய்ந்து சொல் நின்றது என்று இதைக் கொண்டு வாதிடலாம். ஆனால் நின்றது யாப்பும் சந்தமும் கூடிய சொல். மெட்டு போன பின்னும் மெட்டின் எலும்புக்கூடு பாசுரத்துக்குள்ளேயே இருந்தது. உரைநடையாக இருந்திருந்தால் இப்பாசுரங்கள் ஆயிரம் ஆண்டுகளாக வாய்வழி நின்றிருக்குமா என்பது ஐயமே.

திருவரங்கத்தோடு தொடர்புடைய இன்னொரு நூல் சீர்காழி அருணாசலக் கவிராயரின் (1711–1779) இராம நாடகக் கீர்த்தனை. அது திருவரங்கத்தில் அரங்கேறியது என்பது வழக்கு. பாட்டு கவிராயருடையது, இசையமைத்தவர்கள் அவருடைய மாணவர்களான சட்டநாதபுரம் கோதண்டராமய்யரும் வெங்கடராமய்யரும். பிற்காலக் கச்சேரிக்காரர்கள் அப்பாடல்கள் பலவற்றுக்கு வேறு ராகங்கள் அமைத்துப் பாடினர். இன்று மேடையில் உயிரோடிருக்கும் இராம நாடகப் பாடல்கள் நல்ல மெட்டுக் கிடைத்தவையே. மற்றவையும் அதே புலவரின் சொல்லே. அவை நூலில் உறங்குகின்றன.

2. மெட்டு நிற்க, சொல் மாறும்போது

சோதனையின் மறுபக்கம் சொல்லை மாற்றுவது, அல்லது அடியோடு நீக்குவது. சுவாமி புறப்பாட்டில் நாகசுரக்காரர் வாசிக்கும் மல்லாரிக்குச் சாகித்தியமே இல்லை. கம்பீரநாட்டையில் அது எழுந்ததும் வீதியில் நிற்பவர்கள் நிமிர்கிறார்கள். இராப்பத்து இரவுகளில் நம்பெருமாள் மூலஸ்தானம் திரும்பும் வேளையில் ஒலிப்பது வீணை. கோஷ்டி, அரையர், நாகசுரம், வீணை என நான்கு நிலைகளையும் ஒரே விழாவில் வைத்த மரபுக்கு, சொல் இல்லாத இசை குறைபட்ட பாட்டாகத் தோன்றவில்லை.

திரைப்பாடலுக்கு வருவோம். திருப்பராய்த்துறையில் 1931இல் பிறந்து திருவரங்கத்தில் வளர்ந்தவர் கவிஞர் வாலி. அவர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பிய முருகன் பாடலுக்கு டி.எம்.சௌந்தரராஜன் தாமே மெட்டமைத்துப் பாடினார். அங்கே சொல் முதலில், மெட்டு பிறகு. திரையுலகில் வாலி நிலைபெற்ற பின் பெரும்பாலும் நடந்தது இதன் மறுதலை. இசையமைப்பாளர் தத்தகாரம் தருவார். கவிஞர் அதற்குள் சொல்லை உட்கார வைப்பார். இம்முறையில் கவிஞர் முதலில் பார்ப்பது பொருளையன்று. எங்கே நெடில் வேண்டும், எங்கே வல்லினம் விழ வேண்டும் என்பதையே.

இதன் எல்லைக்கோட்டில் நிற்பது 'காதலன்' (1994) படத்துக்காக ஏ.ஆர்.ரகுமான் இசையில் வாலி எழுதிய முக்காலா முக்காபுலா பாடல். அதன் தொடக்கத்துக்குப் பொருள் தேடி எவரும் அதைக் கேட்டதில்லை. ககரமும் லகரமும் தாளத்தில் தட்டி விழும் விதமே அதன் ஈர்ப்பு. தெலுங்கிலும் இந்தியிலும் அது பரவியது. 2020இல் வெளிவந்த இந்திப் படமொன்று அதை மீண்டும் எடுத்தாண்டது. வரிகள் மொழிக்கு மொழி மாறின. மெட்டும் அந்தத் தொடக்க ஓசையும் மாறவில்லை. வரிகளின் பொருள் பாட்டின் வெற்றிக்குக் கட்டாயம் என்ற வாதம் இங்கே உடைகிறது. வரிகளே வேண்டாம் என்ற வாதமும் உடைகிறது. அந்த ஓசைக் கூட்டத்தைத் தேர்ந்தது சொல்லறிந்த கவிஞனின் காதுதான்.

3. வையம்பட்டி வட்டாரச் சான்று

கோயிலும் கச்சேரியும் திரையும் கற்றோர் கைபட்டவை. பொதுமக்கள் பாட்டில் பொருளுக்கே முதலிடம் என்று சொல்வதுண்டு. வையம்பட்டி, மணப்பாறை வட்டாரம் இதைச் சோதிக்க ஏற்ற இடம்.

மணப்பாறையை அடுத்த வீரப்பூர், பொன்னர் சங்கர் கதையின் முடிவிடம். அங்கே பெரியகாண்டியம்மன் கோயிலின் மாசிப் பெருவிழாவில் வேடபரி நடக்கிறது. கொங்கு நாட்டிலிருந்தும் மக்கள் வந்து கூடுகிறார்கள். இக்கதை உடுக்கடிப் பாட்டாகப் பல இரவுகள் பாடப்படுவது. கனடிய மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் கொங்குப் பகுதியில் இதை ஒலிப்பதிவு செய்து, பின்னர் அதுபற்றி விரிவான நூல் எழுதினார்.

கதைப்பாடகர் தம் வேலையைப் பிரித்துக்கொள்ளும் முறை கவனிக்கத்தக்கது. நாயகர்களின் தந்தை குன்னுடையான் எங்கே போனான், பங்காளிகள் என்ன செய்தார்கள் என்று கதை நகரும் இடங்களில் அவர் வசனத்தில் பேசுகிறார். பின்பாட்டுக்காரர் 'ஆமா' போடுகிறார். தங்கை தங்காள் அழும் இடத்தில், சங்கர் சினக்கும் இடத்தில், உடுக்கை எழுகிறது, பேச்சு பாட்டாகிறது. பொருளைத் தெரிவிக்க வசனமே போதும் என்பது அவருக்குத் தெரியும். பாட்டுக்கு மாறும்போது அவர் புதிய செய்தி எதையும் தருவதில்லை. கேட்போர் ஏற்கெனவே அறிந்ததை மெய்யில் உணரச் செய்கிறார். பொன்னரும் சங்கரும் வீழ்ந்த களமாகக் கருதப்படும் படுகளத்தில் அருள் வந்து விழுபவர்களுக்குக் கதை முழுவதும் தெரியும். அவர்களை விழச் செய்வது உடுக்கையும் குரலும்.

அப்படியானால் கதை தெரியாதவர் அங்கே விழுவாரா? மாட்டார். பொருளுக்குரிய இடம் இதுவே. இசை ஏறி நிற்க வேண்டிய தளத்தைப் பொருள் முன்கூட்டியே அமைத்து வைத்திருக்கிறது.

இவ்வட்டாரத்தின் பெயரைத் தமிழகம் எங்கும் கொண்டு சென்ற திரைப்பாடல் 'மக்களைப் பெற்ற மகராசி' (1957) படத்தில் உள்ளது. மணப்பாறை மாட்டில் தொடங்கி உழவுத் தொழிலை முறையாகச் சொல்வது அது. எழுதியவர் அன்றைய திருச்சி மாவட்டத்து மேலக்குடிகாட்டில் பிறந்த அ.மருதகாசி, இசை கே.வி.மகாதேவன், பாடியவர் டி.எம்.சௌந்தரராஜன். ஆத்தூர் சம்பா விதை, விருதுநகர் வியாபாரி, விற்ற காசை அம்மா கையில் தரச் சொல்லும் புத்திமதி என அதில் உள்ளவை வேளாண் அலுவலரின் துண்டறிக்கையிலும் இருக்கக்கூடியவை. துண்டறிக்கையை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. நாட்டுப்புற நடையில் அமைந்த மெட்டு அதைப் பாட்டாக்கியது. ஆனால் ஊர்ப்பெயர்களை அடுக்கி மோனை கூட்டிய மருதகாசியின் சொல்லமைப்பு அந்த மெட்டுக்குக் காலடி தந்தது. அறுபது ஆண்டு கடந்தும் மணப்பாறை என்றதும் மாடு நினைவுக்கு வருவது பொருளின் பங்களிப்பு.

4. தமிழிசை வழக்கு

இந்த வழக்கு தமிழகத்தில் மிகச் சூடாக நடந்தது 1941இல். அவ்வாண்டு அண்ணாமலை நகரில் கூடிய தமிழிசை மாநாடு, கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்கள் மிகுதியாக இடம்பெற வேண்டும் என்றது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் அதற்கு முதுகெலும்பாக நின்றார், கல்கி, டி.கே.சி., ராஜாஜி ஆகியோர் ஆதரித்தனர். இசையின் தரமே முக்கியம், மொழியை அதில் நுழைக்கலாகாது என்பது சென்னை மியூசிக் அகாதெமியின் நிலைப்பாடாக இருந்தது. 1943இல் தமிழிசைச் சங்கம் பிறந்தது.

இரு தரப்பும் பாதி உண்மையைப் பேசின. தெலுங்கு அறியாத தமிழர் தியாகராசரின் கீர்த்தனையில் உருகினர் என்பது உண்மை; பொருளின்றியும் இன்பம் உண்டு என்பதற்கு அதுவே சான்று. ஆனால் அப்படிக் கேட்டவர்கள் மொழியைக் கடந்துவிடவில்லை. உயிரெழுத்து நிறைந்த தெலுங்குச் சொல்லோசை அவர்கள் காதில் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. மறுபுறம், பொருள் புரிந்தால் சுவை மிகும் என்ற தமிழிசையாளர் கூற்றும் சரியே. தமிழ்ச் சொல்லாயிருந்தால் மட்டும் போதும் என்று எண்ணியவர்கள்தாம் சறுக்கினர். அவ்வியக்கத்துக்குப் பின் மேடையில் வேரூன்றிய பாபநாசம் சிவனின் பாடல்கள், சொல்லும் மெட்டும் ஒரே கையில் பிறந்தவை.

திருவள்ளுவர் கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தில் (குறள் 573), பாடலோடு பொருந்தாத பண்ணால் பயன் இல்லை என்கிறார். அவர் கேட்டது எது பெரிது என்றன்று, பொருந்துகிறதா என்று. சிலப்பதிகார அரங்கேற்று காதையும் இசையாசிரியனுக்கும் புலவனுக்கும் தனித்தனி இலக்கணம் வகுத்து, இருவரையும் ஒரே அரங்கில் நிறுத்துகிறது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. கேட்கும் வேளையின் இன்பத்தில் இசைக்கே முதலிடம். பொருள் விளங்காமலும் பாட்டு இனிக்கும், மெட்டு இல்லாமல் இனிப்பது அரிது. அந்த இசையில் ஒரு பகுதி சொல்லோசையிலிருந்தே வருகிறது. ஆகவே கவிஞனை இசைக்கு வெளியே நிறுத்துவது தவறு. பாட்டு நினைவில் தங்குவதற்கும், வாழ்வின் ஒரு தருணத்தோடு ஒட்டிக்கொள்வதற்கும் பொருள் இன்றியமையாதது.

இதிலிருந்து ஆய்வுலகுக்கு ஒரு கடமையும் எழுகிறது. நாட்டுப்புறப் பாடல் தொகுப்புகளில் பெரும்பாலானவை சொல்லை மட்டுமே அச்சிட்டு வந்துள்ளன. இக்கட்டுரையின் கருத்து சரியென்றால், பாட்டின் முந்திய பாதி அவற்றில் பதிவாகவே இல்லை. வீரப்பூர் உடுக்கடிப் பாட்டும் வையம்பட்டி வட்டாரத்து நடவுப் பாட்டும் ஒப்பாரியும் ஒலியாகவும் சுரக்குறிப்பாகவும் முழுமையாகப் பதிவு செய்யப்பட வேண்டும். திருச்சியில் பல்கலைக்கழகமும் 1939இல் தொடங்கிய வானொலி நிலையமும் இருக்கின்றன. பாடத் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே இப்பணியைத் தொடங்க வேண்டும்.