உராய்வு வெப்பமும் தேய்மானமும்: திண்டுக்கல் பூட்டும் நூற்பாலையும்

ஒன்றையொன்று அழுத்தியபடி இரு பரப்புகள் வழுக்கும்போது இரண்டு விளைவுகள் ஏற்படுகின்றன. ஒன்று, பொருள் சிறிது சிறிதாகக் கழியும் தேய்மானம். மற்றொன்று, உராய்வு வெப்பம். திண்டுக்கல்லின் பெயர்பெற்ற இரு தொழில்களான பூட்டுத் தயாரிப்பும் பஞ்சு நூற்பும் இவ்விரு விளைவுகளுக்கும் நல்ல எடுத்துக்காட்டுகள்.

வரலாறு

அழுத்தும் விசை கூடினால் உராய்வு விசையும் அதே விகிதத்தில் கூடும் என்பதை பிரான்சின் அமான்டன்ஸ் 1699-இல் வெளியிட்டார். மியூனிக் நகரில் பீரங்கிக் குழாய்கள் துளையிடப்பட்டபோது வெப்பம் ஓயாமல் வெளிப்பட்டதை ரம்ஃபோர்டு கவனித்து, 1798-இல் அது பற்றி எழுதினார். வெப்பம் என்பது ஒரு பொருளன்று, இயக்கத்தின் விளைவே என்பது அவர் முடிவு. செய்த வேலைக்கு எவ்வளவு வெப்பம் கிடைக்கும் என்பதை 1840-களில் ஜூல் அளந்தார்.

பரப்புகள் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், உண்மையில் நுண்ணிய மேடுகளின் உச்சிகளில் மட்டுமே தொடுகின்றன. அந்த இடங்களில் ஒரு கணம் தோன்றி மறையும் மிகை வெப்பநிலையைக் கணக்கிடும் முறையை நெதர்லாந்தின் பிளாக் 1937-இல் தந்தார். இங்கிலாந்தின் ஆர்ச்சர்டு 1953-இல் தேய்மானத்துக்கு ஒரு விதி தந்தார். தேய்ந்துபோகும் கன அளவு, அழுத்தும் விசைக்கும் வழுக்கிய தூரத்துக்கும் நேர்விகிதத்திலும், பொருளின் கடினத்தன்மைக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும் என்பதே அவ்விதி.

பூட்டு

திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதனுள் இருக்கும் லீவர்களைச் சாவியின் பற்கள் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் பூட்டு திறக்கும். ஒரு பூட்டை நாளுக்கு 10 முறை திறப்பதாகவும், ஒவ்வொரு முறையும் சாவி 1 செ.மீ. வழுக்குவதாகவும் கொண்டால், ஓராண்டில் வழுக்கும் தூரம் சுமார் 36 மீட்டர். வேகம் மிகக் குறைவு என்பதால் வெப்பத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. தேய்மானம் மட்டுமே கணக்கு. ஆயினும் பற்களும் லீவர்களும் மிகுதியாகத் தேய்ந்தால், உரிய சாவிக்குப் பூட்டு திறக்காமல் போகலாம். வேறு சாவிக்குத் திறந்துவிடவும் கூடும்.

நூற்பாலை

வேடசந்தூர் உள்ளிட்ட திண்டுக்கல் வட்டாரத்தில் நூற்பாலைகள் பல உள்ளன. வளைய நூற்பு முறைக்கு அமெரிக்காவின் ஜான் தார்ப் 1828-இல் காப்புரிமை பெற்றார். இம்முறையில், சுழலும் கதிரைச் சுற்றி ஓர் எஃகு வளையம் உண்டு. அதன்மேல் டிராவலர் என்னும் சிறு கம்பிக் கொக்கி ஓடும். அதனூடே செல்லும் நூல் முறுக்கேறிக் கண்டில் சுற்றிக்கொள்கிறது. டிராவலரின் எடை சில பத்து மில்லிகிராம்தான்.

வளையத்தின் விட்டம் 40 மி.மீ., கதிரின் வேகம் நிமிடத்துக்கு 18,000 சுற்று என்று கொண்டால், டிராவலர் விநாடிக்கு ஏறத்தாழ 38 மீட்டர் ஓடும். பூட்டில் சாவி ஓராண்டு வழுக்கும் தூரத்தை இது ஒரே விநாடியில் கடக்கிறது. மையவிலக்கு விசை, டிராவலரின் எடையைப் போல் சுமார் 7,000 மடங்காகி அதை வளையத்தோடு அழுத்துகிறது. வேகம் இரட்டித்தால் இந்த விசை நான்கு மடங்காகும். விநாடிக்கு உண்டாகும் வெப்பம் விசையையும் வேகத்தையும் பொறுத்தது; ஆகவே உராய்வுக் குணகம் மாறாதிருந்தால் அது எட்டு மடங்காகும். அவ்வளவு சிறிய கம்பியால் அந்த வெப்பத்தை விரைவில் வெளியேற்ற முடியாது.

இணைந்த கணக்கு

சூடேறிய உலோகம் மென்மையாகும். கடினத்தன்மை குறைந்தால் ஆர்ச்சர்டு விதிப்படி தேய்மானம் கூடும். தேய்ந்தபின் தொடும் பரப்பின் வடிவம் மாறும். அழுத்தமும் வெப்பமும் அதற்கேற்ப மாறும். எனவே இன்றைய கணினி மாதிரிகள் அழுத்தம், வெப்பநிலை, தேய்மானம், புதிய வடிவம் என்ற வரிசையில் சிறுசிறு கால இடைவெளிகளில் திரும்பத் திரும்பக் கணக்கிடுகின்றன. விதியிலுள்ள மாறிலியை மட்டும் சோதனை மூலமே பெறவேண்டும்.

ஆலைகளில் புதிய வளையங்களை முதலில் குறைந்த வேகத்தில் ஓட்டிப் பழக்குவதற்கும், டிராவலர்களைக் குறித்த காலத்தில் மாற்றுவதற்கும் காரணம் இதுவே. நசுங்கிய பஞ்சு இழைகளின் மெல்லிய படலமும் மசகாக நின்று ஓரளவு காக்கிறது. ஆனால் மோட்டாரின் திறனை எவ்வளவு கூட்டினாலும், அந்தச் சிறு கம்பி தாங்கும் வெப்பத்தைத் தாண்டி வளைய நூற்பின் வேகத்தை உயர்த்த இயலாது. 1967-இல் சந்தைக்கு வந்த ரோட்டார் நூற்பு, டிராவலரையே நீக்கி இவ்வரம்பைத் தாண்டியது.