இரட்டை இலை ஜெயித்த மாதம்

திண்டுக்கல்காரர்களிடம் 1973 மே மாதத்தைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: இடைத்தேர்தல். தி.மு.க. எம்.பி. ராஜாங்கம் இறந்ததால் தொகுதி காலியானது. அ.தி.மு.க.வைத் தொடங்கி ஏழு மாதமே ஆகியிருந்த எம்.ஜி.ஆர்., மாயத்தேவரை நிறுத்தினார். மே 20 வாக்குப்பதிவு. இரட்டை இலைச் சின்னத்துக்கு அதுதான் முதல் தேர்தல். ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போனது. நத்தம் சாலையிலிருந்து சிறுமலை அடிவாரம் வரை அந்த முடிவைப் பேசாத டீக்கடை இருந்திருக்காது.

அந்தப் பேச்சு ஓய்வதற்குள், மே 31 இரவு, சென்னை மீனம்பாக்கத்திலிருந்து புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் 737 ஒன்று டெல்லி பாலம் விமான நிலையத்தை நெருங்கும்போது விழுந்தது. 65 பேரில் 48 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் மத்திய உருக்கு, சுரங்கத்துறை அமைச்சர் மோகன் குமாரமங்கலம். இன்னொருவர் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் கோவை எம்.பி. கே. பாலதண்டாயுதம். மறு ஆண்டு அந்தக் கோவைத் தொகுதியின் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தவர் பார்வதி கிருஷ்ணன், மோகன் குமாரமங்கலத்தின் உடன்பிறந்த சகோதரி. அண்ணனையும் கட்சித் தோழரையும் ஒரே விபத்தில் இழந்தவர், அந்தத் தோழரின் நாற்காலியில் போய் உட்கார வேண்டியிருந்தது.

குமாரமங்கலம் தேசியமயத்தின் மூளை என்று பேசப்பட்டவர். நிலக்கரிச் சுரங்கங்கள் அரசுடைமையானது அதே மே மாதம் முதல் தேதியில்தான். முப்பது நாள் கழித்து அவர் ஏறியதும் அரசுடைமை விமானம். அவருடைய தந்தை டாக்டர் பி. சுப்பராயன் நேரு அமைச்சரவையில் போக்குவரத்து, தகவல் தொடர்பு அமைச்சராக இருந்தவர். அந்நாளில் விமானப் போக்குவரத்தும் அந்தத் துறைக்குள்தான் இருந்தது. இதையெல்லாம் சேர்த்துவைத்து விதி என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அதில் ருசி இல்லை. விமானம் ஏன் அவ்வளவு தாழ்ந்தது என்பதுதான் கேள்வி.

அன்றிரவு பாலத்தில் புழுதிக்காற்று. விமானிகள் ரேடியோ முள்ளை நம்பி இறங்கினார்கள். தரையிலுள்ள ஒரு ரேடியோ கம்பம் இருக்கும் திசையை விமானி முன்னாலுள்ள வட்டத்தில் ஒரு முள் காட்டும். கம்பம் எந்தப் பக்கம் என்று மட்டும்தான் அது சொல்லும். நாம் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. உயரத்தை வேறொரு கருவியில் விமானியே பார்த்துக்கொள்ள வேண்டும். இத்தனை அடிக்குக் கீழே, ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாமல் இறங்கக் கூடாது என்று ஒரு வரம்பும் உண்டு. போயிங் அந்த வரம்பைத் தாண்டி இறங்கி, உயர் அழுத்த மின்கம்பியில் மோதியது. விமானிகள் மீது குற்றம் எழுதப்பட்டது. அது சரியான குற்றம்தான். ஆனால் நாட்டின் தலைநகரில், புழுதி பறக்கும் கோடை இரவில், ஒரு ஜெட் விமானம் திசை மட்டும் காட்டும் முள்ளை நம்பி இறங்கியது என்பதும் அதே விபத்தின் பகுதிதான். அந்தப் பகுதிக்கு யார் மீதும் குற்றம் எழுதுவது சுலபமல்ல.

இதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே நம் பக்கத்து மலையில் ஒரு விபத்து நடந்தது. 1971 டிசம்பர் 9. திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ, சின்னமனூருக்கு அருகே மலையில் மோதியது. மதுரைக்கு இன்னும் 80 கிலோமீட்டர் இருந்தது. 31 பேரில் 21 பேர் இறந்தார்கள். பத்துப் பேர் பிழைத்தார்கள். அன்று திண்டுக்கல்லும் சின்னமனூரும் ஒரே மதுரை மாவட்டம்.

நடந்தது பகல் வேளையில். ஆனால் பார்வை மங்கியிருந்தது. கார்த்திகையில் சிறுமலைக்குப் பஸ்ஸில் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவில் பாதி ஏறும்வரை கீழே ஊரும் மலைக்கோட்டையும் பளிச்சென்று தெரியும். அடுத்த வளைவில் மேகம் இறங்கி, டிரைவர் பட்டப்பகலில் விளக்கைப் போடுவார். மலையின் பக்கம் ஒரு காலநிலை, சமவெளியில் ஒரு காலநிலை. திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வருகிற விமானம் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். மலை முடியும் முன்பே இறங்கத் தொடங்கிவிட்டால் தப்பிக்க வழியில்லை.

இந்த விபத்து நம் ஊர் நினைவிலிருந்தே மறைந்துபோனதற்குக் காரணம் உண்டு. வங்கப் போர் உச்சத்தில் இருந்த நேரம் அது. அதே டிசம்பர் 9 இரவு அரபிக்கடலில் ஐ.என்.எஸ். குக்ரி மூழ்கடிக்கப்பட்டது. அந்த வாரம் ஒரு சிறு விமானத்துக்கு யார் அழ முடியும்?

தனியார் கையில் இருந்தபோது இப்படி நடக்கவில்லையா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 1950 டிசம்பர் 13 அன்று, தேசியமயத்துக்கு முன்பே, ஏர் இந்தியாவின் டகோட்டா ஒன்று நீலகிரியில் ரங்கசாமி முடி அருகே மோதி அதிலிருந்த அனைவரும் இறந்தார்கள். அதில் வந்தவர்களில் ஒருவர் உலகப் புகழ்பெற்ற புள்ளியியல் அறிஞர் ஆபிரகாம் வால்ட். போரிலிருந்து திரும்பிவரும் விமானங்களின் குண்டுத் துளைகளை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம், திரும்பாத விமானங்கள் எங்கே அடிபட்டன என்று யோசியுங்கள் என்று அமெரிக்கப் படைக்கு வழிகாட்டியவர். ஆக, மலைக்கு முதலாளி யார் என்ற பேதம் இல்லை.

பேதம் வேறொரு இடத்தில் இருந்தது. 1953 ஆகஸ்டில் எட்டுக் கம்பெனிகளைச் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸை உண்டாக்கினார்கள். கைக்கு வந்தவை 99 விமானங்கள். அதில் 74 டகோட்டா, அதாவது யுத்த காலத்துப் பழசு. பழசைக் கழித்துப் புதிது வாங்கப் பணம் வேண்டும். கட்டணத்தை ஏற்ற மத்திய அரசு சம்மதிக்க வேண்டும். விமானம் விடச் சொல்லும் ஊர்களுக்கோ கணக்கில்லை, கேட்பவர் எம்.பி.யாக இருந்தால் இல்லையென்று சொல்லவும் முடியாது. சின்னமனூரில் விழுந்த ஆவ்ரோ கான்பூரில் எச்.ஏ.எல். தயாரித்த ரகம். அது பறக்கத் தகுதியானதுதானா என்று எழுபதுகளின் தொடக்கத்தில் பெரிய சர்ச்சை எழுந்து, பேராசிரியர் சதீஷ் தவான் தலைமையில் ஆய்வு நடந்தது. சர்ச்சையின் எல்லாத் தரப்பையும் பாருங்கள்: தயாரித்தது அரசுக் கம்பெனி, வாங்கியது அரசுக் கம்பெனி, தகுதிச் சான்று தருவது அரசுத் துறை.

அங்கேதான் என் சண்டை. நஷ்டத்தில் ஓடியதால் விமானம் விழுந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். எழுபதுகளில் விமானத்துக்குச் சொந்தக்காரர், விமான நிலையத்தின் ரேடியோ கருவிக்குச் சொந்தக்காரர், விமானியின் உரிமத்தைச் சோதிப்பவர், விபத்து நடந்தால் விசாரிப்பவர், எல்லோரும் ஒரே அமைச்சகத்தின் கூரைக்குக் கீழ்தான் இருந்தார்கள். விபத்து விசாரணைக்கென்று தனிப் பணியகம் இந்த நாட்டுக்கு 2012-ல்தான் வந்தது. பணம் இல்லாத முதலாளி சோதனைக்காரரைப் பார்த்துப் பயப்பட வேண்டும். இங்கே இருவரும் ஒரே அமைச்சருக்குக் கோப்பு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

பாலம் விபத்து நடந்த ஆண்டே பணமும் நெருக்கியது. அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்த, எரிபொருள் விலை எகிறியது. விமானப்படைத் தளபதியாக இருந்து ஓய்வுபெற்ற பி.சி. லால் அப்போது இந்தியன் ஏர்லைன்ஸின் தலைவர். வேலை நேர முறையை மாற்ற அவர் முனைந்தார், தொழிற்சங்கங்கள் மறுத்தன, நவம்பரில் கதவடைப்பு. நாட்டின் உள்நாட்டு விமானச் சேவையே அந்த ஒரு நிறுவனம்தான் என்பதால், பயணிகளுக்கு ரயிலை விட்டால் கதியில்லை.

1976 அக்டோபர் 12. பம்பாயிலிருந்து சென்னை வர வேண்டிய காரவல் விமானம் புறப்பட்ட சில நிமிடங்களில் எஞ்ஜின் தீப்பிடித்து விழுந்தது. 95 பேரும் பலி. ‘பத்ரகாளி’ படத்தின் நாயகி ராணி சந்திராவும் தாயும் சகோதரிகளும் அதில் இருந்தார்கள். எஞ்ஜினுக்குள் சுழலும் தட்டு ஒன்றில் உலோகச் சோர்வால் விரிசல் விழுந்திருந்தது. மலையையோ புழுதியையோ விமானியையோ இதற்குக் குறை சொல்ல வழியில்லை. அந்த விமானத்தின் எண் 171. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விழுந்த ஏர் இந்தியா விமானத்துக்கும் அதே எண்தான்.

அதற்குள் காலம் எங்கோ போய்விட்டது. 2007-ல் இந்தியன் ஏர்லைன்ஸை ஏர் இந்தியாவோடு இணைத்தார்கள். 2018-ல் விற்கப் போனபோது ஓர் ஆள்கூட வாங்க வரவில்லை. 2021 ஆகஸ்டு முடிவில் கடன் 61,562 கோடி ரூபாய். 18,000 கோடிக்கு டாடா கேட்டு, 2022 ஜனவரி 27-ல் கைமாறியது. இந்தக் கடனின் கதைக்குத் தனி அத்தியாயமே வேண்டும், வரும்.

அதற்கு முன் பி.சி. லாலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், அவர் தலைவர் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். பிறகு மூன்று போயிங் விமானங்கள் வாங்கப்பட்டன. அந்தக் கோப்பு எந்தெந்த மேசைக்குப் போனது, எந்த மேசையைத் தாண்டிக் குதித்தது என்பதை, நெருக்கடி நிலை அத்துமீறல்களை ஆராய அமைக்கப்பட்ட ஷா கமிஷன் விசாரித்தது. அடுத்த வாரம் அந்தக் கோப்பைப் பிரிப்போம்.

(தொடரும்)