கோவிந்தனின் கதையும் நமது கடமையும்

கண்டி மாநகரின் மஹியாவ மயானத்திலே ஜேம்ஸ் டெய்லர் என்பாரின் கல்லறை இருக்கிறது. ஸ்கொத்லாந்து தேசத்திலிருந்து வந்து, ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டு, இத்தீவின் தேயிலைத் தொழிலுக்கு அடிகோலியவர் அவர். 1892ஆம் ஆண்டு அவர் இறந்தபோது, தோட்டத் தொழிலாளர் 24 பேர், பன்னிருவர் பன்னிருவராக மாறி மாறி அவரது உடலைச் சுமந்து மலைவழியே கண்டிக்குக் கொண்டுவந்தனர் என்று கூறுவர். கல்லிலே டெய்லரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. சுமந்து வந்த 24 பேரின் பெயர் எங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது?

டெய்லரைக் குறை கூறுவதற்காக நாம் இதனை எழுதவில்லை. நமது மலைநாட்டின் சரித்திரம் எவ்வாறு எழுதப்பட்டது என்பதைக் காட்டவே இக்கேள்வியை எழுப்புகிறோம். சிலருக்குப் பெயர் உண்டு; பலருக்கு எண்ணிக்கை மட்டுமே உண்டு. பெயரும் கதையும் இல்லாத மனிதனுக்கு இழைக்கப்படும் அநீதி பிறர் கண்ணில் அநீதியாகவே படுவதில்லை. அவனுக்கு ஒரு பெயர், ஒரு தாய், ஒரு மனைவி, ஒரு கதை உண்டென்று அறிந்த அன்றுதான் அயலான் மனமும் அசைகிறது. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களிலே நிகழ்ந்த சில சம்பவங்களைக் கொண்டு இவ்வுண்மையை ஆராய்வோம்.

கோப்பிக் காலத்திலே நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளையை அடைந்தனர். காய்ச்சலாலும் பேதியாலும் வழியில் மாண்டவர் பலர். உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் வணங்கிய மாரியம்மனே இன்று மாத்தளையில் முத்துமாரியம்மனாகக் கோயில் கொண்டிருக்கிறாள். அப்படி வந்தவர்களைத் தோட்டத்துப் புத்தகம் எவ்வாறு குறித்தது? தலைக்கணக்காகவும் கடன் கணக்காகவுமே குறித்தது. ‘துண்டு’ என்றொரு முறை அக்காலத்தில் இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போக விரும்பும் தொழிலாளி, தன் கடன் இவ்வளவு என்று எழுதிய துண்டைப் பெறவேண்டும். புதிய தோட்டத்தார் அக்கடனைக் கட்டினால்தான் அவனுக்கு விடுதலை. அத்துண்டிலே மனிதன் இல்லை. ரூபாவும் சதமுமே இருந்தன. 1921ஆம் ஆண்டில்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

தோட்டத்தின் வாசலும் அடைபட்டே இருந்தது. துரையின் அனுமதியின்றி அயலார் உள்ளே புகுவது குற்றம். ஆகையால் லயத்திலே நடப்பது கண்டிப் பட்டினத்தில் வசித்த தமிழருக்கும் தெரியாது. அடுத்த கிராமத்துச் சிங்களவருக்கும் தெரியாது. உள்ளே இருக்கும் மனிதனின் கதையை வெளியே கொண்டுவர யாராவது ஒருவர் அவ்வாசலைக் கடக்கவேண்டியிருந்தது.

அப்படிக் கடந்தவர்களில் முதன்மையானவர் தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர். துணி வியாபாரியின் ஆளைப்போல் வேடம் பூண்டு தோட்டங்களுக்குட் சென்று, தொழிலாளர் படும் பாட்டைத் தம் கண்ணாற் கண்டார். கண்டதைப் பத்திரிகையிலே எழுதினார். பின்னர் சட்டசபையிலும் அரசாங்க சபையிலும் பேசினார். அவருடைய மனைவியார் மீனாட்சியம்மையோ தொழிலாளர் துயரைப் பாட்டாக்கிக் கூட்டங்களிலே பாடினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் தங்கள் கதையைத் தாங்களே கேட்கும் வாய்ப்பு இவ்வம்மையாராற் கிடைத்தது.

இரண்டாமவர் வெள்ளையர். மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்னும் இளைஞர், தோட்டத் தொழில் பழகிச் சின்னத்துரையாகும் நோக்கத்தோடு 1936இல் இலங்கைக்கு வந்து, மடுல்கலையைச் சேர்ந்த ரெலுகாஸ் தோட்டத்தில் அமர்ந்தார். பங்களாவில் வாழவேண்டியவர் லயத்தைக் கண்டார். தொழிலாளரும் தம்மைப்போன்ற மனிதரே என்று எண்ணியதுதான் அவர் செய்த குற்றம்! வேலை போயிற்று. 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டியில் நடந்த பெருங்கூட்டத்திலே தொழிலாளர் முன் தோன்றி, துரைமாரின் போக்கைக் கண்டித்துப் பேசினார். ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்தக் கட்டளையிட்டார். அவரோ தலைமறைவானார். நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தது. மே மாதத்தில் உயர் நீதிமன்றம் அக்கட்டளை சட்டத்துக்கு ஒவ்வாதது என்று தீர்ப்பளித்தது. ஒரே ஒரு வெள்ளை இளைஞன் தன் வகுப்பின் வேலியைத் தாண்டியதனால் ஆளுநரின் அதிகாரமே நீதிமன்றப் படி ஏறவேண்டியதாயிற்று.

இனிக் கோவிந்தனின் கதைக்கு வருவோம். டெய்லர் தேயிலை நாட்டிய அதே ஹேவாஹெட்டைப் பகுதியிலேதான் முல்லோயாத் தோட்டமும் இருக்கிறது. 1939ஆம் ஆண்டின் இறுதியிலும் 1940ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் மலைநாடெங்கும் வேலைநிறுத்தங்கள் பரவின. முல்லோயாத் தொழிலாளரும் கூலி உயர்வு கோரிப் போராடினர். 1940 ஜனவரி 10ஆம் திகதி, பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார்.

அதற்கு முன்னும் தோட்டங்களிலே மரணங்கள் நிகழ்ந்ததுண்டு. அவை கணக்கிலே ஒரு தலை குறைந்ததாக முடிந்தன. கோவிந்தனின் மரணம் அவ்வாறு முடியவில்லை. ஏன்? அவருடைய மனைவி சாட்சியாக நின்றார். அவர் சார்பில் வாதாட வழக்கறிஞர் ஒருவர் முன்வந்தார். தெற்கே பலப்பிட்டியிற் பிறந்த சிங்களவரான கொல்வின் ஆர். டி சில்வாவே அவ்வழக்கறிஞர். விசாரணைக் குழுவின் முன் பொலிசாரை அவர் குறுக்கு விசாரணை செய்த திறமை நாடெங்கும் பேசப்பட்டது. லயத்துப் பெண்ணொருத்தியின் துயரம் அன்று நாட்டின் செய்தியாயிற்று.

அதன் விளைவு சட்டசபை வரை சென்றது. விசாரணைக் குழு தன் வேலையை முடிக்கும்வரை முல்லோயாத் தொழிலாளர் மீதான வழக்குகளை ஒத்திவைக்கும்படி, உள்நாட்டு விவகார அமைச்சராயிருந்த சர் டி. பீ. ஜயதிலக்க பொலிஸ் தலைமையதிகாரிக்குக் கூறினார். அதிகாரி இணங்கவில்லை, ஆளுநர் கால்டிகொட் அதிகாரியின் பக்கமே நின்றார். அமைச்சர்கள் அனைவரும் பதவி துறந்தனர். சமரசத்தின் பின் அவர்கள் மீண்டும் பதவியேற்றனர் என்பது உண்மையே. எனினும், பெயரறியாத ஒரு கூலியாளென்று ஒதுக்கப்பட்டிருக்கக்கூடிய மனிதரின் பொருட்டு ஒரு மந்திரிசபையே விலகிய விந்தையை நாம் மறக்கலாகாது. கொல்வினும் அதே 1940ஆம் ஆண்டிலே சிறைப்பட்டார். 1942 ஏப்ரலில் கண்டிச் சிறையிலிருந்து தோழர்களோடு தப்பிச் சென்றார். 1972ஆம் ஆண்டு அரசியல் யாப்பை வகுத்த கொல்வினைப் பற்றித் தமிழ் மக்களுக்குப் பெருங்குறை உண்டு. அக்குறையை மறைக்கவேண்டுவதில்லை. ஆனால் கோவிந்தனின் மனைவிக்காக அவர் நின்ற நிலையையும் மறைத்தல் நியாயமன்று.

கதை ஒளிந்தால் என்னவாகும் என்பதற்கும் நம் சரித்திரத்திலே சான்று உண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரிலே சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்து, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போமென்று வைத்தது. பங்கு போடப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணன் ஒரு கரையிலும் தம்பி மறு கரையிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் எத்தனை! தலைமன்னாருக்குப் புறப்பட்ட புகையிரதங்களின் அருகே எழுந்த அழுகையைக் கேட்ட பெரியோர் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். இங்கே ‘இந்தியாக்காரன்’ என்று அழைக்கப்பட்டவர்கள், நீலகிரியிற் போய் இறங்கியதும் ‘சிலோன்காரன்’ என்று அழைக்கப்பட்டார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னரே நாடற்றவர் என்ற நிலை பெரும்பாலும் நீங்கிற்று.

இந்த எண்களின் நடுவே மனிதரைக் காட்டியவர் வட்டகொடை மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றவர். அவர் ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்டக் கவிதை நூல் 1954இல் வெளிவந்தது. ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ என்னும் பொருள்படத் தலைப்பிட்ட உரைச்சித்திரங்கள் 1970இல் வெளிவந்தன. தோட்டத்து மனிதரை ஒவ்வொருவராக நிறுத்தி, அவருடைய குணத்தோடும் குறையோடும் அவர் எழுதினார். தமிழ் அறியாதவரும் அவற்றைப் படித்தனர். பாராளுமன்றத்திலே பறிக்கப்பட்ட குரல் புத்தகத்திலே ஒலித்தது.

இதுவரை கூறியவை பிறர் நமக்கிழைத்த அநீதிகள். இவ்வளவோடு நிறுத்தினால் நமது கட்டுரை பாதி உண்மையாகவே முடியும்.

முதலாவதாக, அயற் கிராமத்துச் சிங்கள விவசாயிக்கும் ஒரு கதை உண்டு. 1840ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காட்டையும் தரிசையும் அரசுக்குச் சொந்தமாக்கிற்று. சேனை செய்த நிலமும் மாடு மேய்த்த புல்வெளியும் கோப்பித் தோட்டங்களாயின. தன் பாட்டனின் நிலத்தை யார் எடுத்தார் என்று அவன் நோக்கியபோது, அங்கே அவன் கண்டது துரையை அல்ல. மண்வெட்டியோடு நின்ற நம் பாட்டனையே கண்டான். இருவரும் ஒரே கையால் அடிபட்டவர்கள். ஒருவர் கதையை மற்றவர் கேளாமையினாலேயே ஒருவரையொருவர் பகைத்தனர்.

இரண்டாவதாக, நம் வீட்டுக்குள்ளேயே ஒரு வேலி இருக்கிறது. மிஷன் பாடசாலையிலே நல்ல சமாரியன் கதையைப் படித்தோம். வீட்டிலே நந்தனார் கதையைக் கேட்டோம். இரண்டும் கேட்பது ஒரே கேள்விதான்: உன் அயலான் யார்? பெரியபுராணத்தில் இல்லாத வேதியப் பண்ணையார் ஒருவரைக் கோபாலகிருஷ்ண பாரதியார் தமது நந்தன் சரித்திரத்திலே கொண்டுவந்தார். சிதம்பரம் போக விடை கேட்டு ஏங்கும் பண்ணையாளைக் கண்டு கதாகாலட்சேபக் கூட்டம் கண்ணீர் வடித்தது. ஆயினும் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர்கள் தங்கள் ஊர் நந்தனைக் கோயிலுக்குள் விட்டார்களா? நம் தோட்டங்களிலும் தப்படித்தவனையும் கூட்டித் துடைத்தவனையும் எட்ட நிறுத்தியவர்கள் துரைமார் மட்டுமல்லர், நாமுந்தான்.

இன்னும் ஒன்று கூறவேண்டும். பள்ளியில் ஆசிரியர் ஊர் கேட்டால், தோட்டத்தின் பெயரை விழுங்கிவிட்டு அருகிலுள்ள பட்டினத்தின் பெயரைச் சொன்ன மாணவர்களை நாம் அறிவோம். ‘தோட்டக்காட்டான்’ என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சியே அவ்வாறு சொன்னார்கள். ஒளிப்பானேன்? அப்படிச் சொன்னவர்களில் நாமும் இருந்தோம். கொழுந்து கொய்து நம்மைப் படிக்கவைத்த பாட்டியின் பெயரை அன்று நாமே கணக்கிலிருந்து அடித்தோம். பட்டினத்தில் வளர்ந்து அச்சொல்லைச் சிரித்துக்கொண்டே சொன்னவர்களும் நம் மன்றத்துக் குடும்பங்களின் பிள்ளைகள்தாம். பிறர் நம்மை எண்ணாக்கினர் என்று முறையிடும் நாம், நம்மவரை என்னவாக்கினோம்?

2023ஆம் ஆண்டு, மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பலர் நடந்து சென்றனர். ஜூலை 28ஆம் திகதி தொடங்கிய நடை ஓகஸ்ட் 12ஆம் திகதி முடிந்தது. தமிழரோடு சிங்கள, முஸ்லிம் அன்பர்களும் அதற்குத் துணைநின்றனர். கால் நோவ நடந்தவருக்கு முன்னோர் நடந்த வழியின் நீளம் விளங்கியிருக்கும். நாமோ கண்டியிலேயே இருந்துகொண்டு செய்யத்தக்க ஒரு வேலை உண்டு.

மன்றத்தின் இளைஞர் ஒவ்வொருவரும், அடுத்த ஆண்டு மலர் வெளிவருமுன், முதியவர் ஒருவரின் கதையை அவர் வாய்மொழியாகவே எழுதிக்கொண்டுவருவோம். அவர் பெயர், பெற்றோர் பெயர், வந்த ஊர், பிறந்த லயம், முதன்முதல் பிரட்டுக்கு நின்ற வயது, கப்பலேறிப் போன உறவினர் யாவற்றையும் கேட்போம். நம் சாதியாரிடமும் நம் உறவினரிடமும் மட்டுமே கேட்பதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொள்வோம். சிங்களம் அறிந்த தோழர்கள் அயற் கிராமத்து முதியவர் ஒருவரின் கதையையும் எழுதட்டும். நம் கதைகளைச் சிங்களத்தில் எடுத்துரைக்கட்டும். பெரியோர்களை ஒன்று வேண்டுகிறோம்: நாங்கள் கேட்க வரும்போது ‘அதெல்லாம் எதற்குத் தம்பி’ என்று தட்டிக்கழியாதீர்கள். வெட்கப்படவேண்டியது அவ்வாழ்வை வாழ்ந்தவர்கள் அல்லர்.

டெய்லரைச் சுமந்து வந்த 24 பேரின் பெயரை இனி நாம் அறியப்போவதில்லை. அந்தக் காலம் கடந்துவிட்டது. ஆனால் இன்று நம் வீட்டுத் திண்ணையில் இருமிக்கொண்டிருக்கும் கிழவியின் பெயரை அறியலாம். அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. அதிக காலம் இல்லை.