கை மாறிய பாரி

“பாரீஸ் எல்லாம் எறங்கு!” என்று பாரிமுனையில் சென்னை பஸ் கண்டக்டர் குரல் கொடுக்கும்போது, 200 ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ஒரு வேல்ஸ் நாட்டு வியாபாரியின் பெயரைத்தான் சொல்கிறார்.

தாமஸ் பாரி 1788-ல் சென்னைக்கு வந்தவர். 1819-ல் ஜான் வில்லியம் டேர் கூட்டாளியாகச் சேர்ந்தார். 1824-ல் பரங்கிப்பேட்டையில் காலராவுக்குப் பலியானார் பாரி. கம்பெனி மட்டும் வளர்ந்துகொண்டே போனது. நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை, ராணிப்பேட்டையில் உரம், பிறகு பீங்கான் சாமான், மிட்டாய்.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் காற்று திசை மாறியது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக இந்தியர் கைக்கு வந்தன. சிம்சனும் ஹிக்கின்பாதம்ஸும் அனந்தராமகிருஷ்ணனின் அமால்கமேஷன்ஸ் குழுமத்துக்குள் போயின. 1973-ல் வந்த அந்நியச் செலாவணிச் சட்டம், பெரும்பாலான கம்பெனிகளில் வெளிநாட்டார் பங்கை 40 சதவீதத்துக்குள் சுருக்கி இந்தப் போக்கை இன்னும் முடுக்கிவிட்டது.

பாரியின் முறை 1981-ல் வந்தது. அதற்குள் இ.ஐ.டி. பாரி என்றாகி, நஷ்டத்தில் தத்தளித்த கம்பெனியை எடுத்துக்கொண்டது முருகப்பா குழுமம். 1900-ல் பர்மாவின் மௌல்மீனில் லேவாதேவி தொடங்கிய குடும்பம் அது. தரையில் பெட்டியடி போட்டுக் கணக்கெழுதிய மரபில் வந்தவர்கள், சைக்கிளும் சாணைக்கல்லும் செய்து முன்னேறி, பாரிமுனையில் கம்பெனியின் தலைமையகமாக 1940-ல் எழுந்த டேர் ஹவுஸுக்கே உரிமையாளர்களானார்கள். சென்னை வணிக வரலாற்றில் இதற்கு இணையான காட்சி அபூர்வம்.

வாங்கியவர்கள் நினைத்திருந்தால் பெயரை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. கரும்பு விவசாயியும் உரக்கடைக்காரரும் தலைமுறைகளாக நம்பிய சொல் ‘பாரி’. ஆலையையும் நிலத்தையும் விட அந்த நம்பிக்கைக்குத்தான் விலை அதிகம் என்பது வட்டித்தொழிலில் வளர்ந்தவர்களுக்குத் தெரியாதா என்ன!

அடுத்த அலை 2000-க்குப் பிறகு அடித்தது. எல்லாத் தொழிலையும் ஒரே கூரைக்குள் வைத்திருக்கும் பழக்கம் போய், கைவந்ததை வைத்துக்கொண்டு மற்றதை விற்கும் காலம். உரத் தொழில் 2003-ல் குழுமத்துக்குள்ளேயே கோரமண்டலோடு இணைந்தது. காஃபி பைட், லாக்டோ கிங் தந்த மிட்டாய்க் கம்பெனியைக் கொரியாவின் லோட்டே 2004-ல் வாங்கியது. பீங்கான் சாமான் செய்த பாரிவேருக்குள் 2006-ல் பங்காளியாக நுழைந்த ஸ்பெயினின் ரோக்கா, 2008-ல் அதை முழுதாக எடுத்துக்கொண்டது.

சர்க்கரை இன்னும் வீட்டோடு இருக்கிறது. குளியலறைப் பீங்கானில் இன்றும் பாரிவேர் என்றே அச்சிட்டு வருகிறது, ஸ்பானியக் கம்பெனி.